விளக்கு வைப்பதற்குள் பரிமாறிய கீரை

அந்த யோசனை எனக்கு வந்தபோது நான் அக்கா வீட்டுக் கொல்லையில், கையில் விளக்குமாறோடு நின்றுகொண்டிருந்தேன்.

அம்மிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு இடுக்கு. பெருக்கலாம் என்று குனிந்தால், உருண்டை உருண்டையாக என்னவோ காய்ந்து கிடந்தது. எலி வேலை என்று நினைத்துக் குச்சியால் புரட்டினேன். முருங்கைக்கீரை. நாலு நாளாக நான் ஆய்ந்து, அலசி, பாசிப்பருப்புப் போட்டு வேகவைத்து, "கண்ணுக்கு நல்லதுடா தங்கம்" என்று கெஞ்சிக் கூத்தாடி ஊட்டிய கீரை. அத்தனையையும் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வந்து இங்கே சேமித்திருக்கிறாள்.

வந்த கோபத்தில் திரும்பினேன். முருங்கை மரத்தடியில் குற்றவாளியே உட்கார்ந்திருந்தாள். என் அக்கா மகள். ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. மரச் சொப்புகளைப் பரப்பி, மண்ணைச் சோறாக வடித்து, உதிர்ந்த முருங்கை இலைகளைக் கூட்டாக வைத்துப் பரிமாறிக்கொண்டிருந்தாள். எதிரே விருந்தாளியாகச் சம்மணம் போட்டிருந்தவன் அவள் அண்ணன், எட்டு வயதுக்காரன்.

"கூட்டு எப்புடி இருக்கு?"

"உப்புப் பத்தல."

"பொய் சொல்லாத. நாந்தான போட்டேன்!"

சொல்லிக்கொண்டே, ருசி பார்க்கச் சொப்பிலிருந்து நாலு பச்சை இலையை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். துப்பவில்லை. விழுங்கிவிட்டாள்! விழுங்கிவிட்டு அண்ணனைப் பார்த்து, "உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு, ஒனக்குத்தான் நாக்கு செத்துப்போச்சு" என்றாள்.

விளக்குமாறு என் கையிலிருந்து விழுந்தது. நான் சமைத்த கீரைதான் அவளுக்கு வேண்டாம். அவளே சமைத்த கீரை, வேகாமல் போனாலும் வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு நாளும் ஒரு விளக்குமாறும் தேவைப்பட்டிருக்கின்றன.

இங்கே கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், வாத்தியார் ட்ரெயினிங் முடித்த ஒரு ஆண்பிள்ளை ஏன் அடுத்தவர் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தான் என்று கேட்பீர்கள்.

தை மாதக் கடைசியில் அக்காவுக்கு மூன்றாவது பிரசவம். குழந்தை நன்றாக இருந்தது, அக்காவுக்குத்தான் ரத்தம் அதிகம் போய்விட்டது. மூன்று மாதம் அடுப்படிப் பக்கமே போகக் கூடாது என்று லேடி டாக்டர் சொல்லிவிட்டார். எங்களுக்கு அம்மா இல்லை. அக்காவின் கணவர், என் மச்சான், தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. அடுப்பில் நெருப்பு எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்கக்கூடியவர். எனக்கோ வேலை உத்தரவு எப்போது வரும் என்று தெரியாது. சும்மா இருக்கவும் தெரியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு வந்துவிட்டேன். மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. ஹாஸ்டலில் படித்த காலத்தில் சமையற்காரரோடு சண்டை போட்டுப் போட்டு, எதெது எப்படி இருக்கக் கூடாது என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். அதை வைத்துக்கொண்டுதான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

மாசியில் மச்சானின் அக்கா குழந்தை பார்க்க வந்தார். எனக்கு மதினி முறை. திருவாதவூரில் விவசாயக் குடும்பம். நல்ல மனசு, பெரிய குரல், வாயைத் திறந்தால் கேலி. வந்த அன்றைக்கே அது நடந்தது.

யுத்த காலம். மண்ணெண்ணெய் கூப்பனுக்குத்தான் கிடைக்கும் என்பதால் எங்கள் வீட்டில் நன்றாக இருட்டின பிறகுதான் விளக்கு. அன்று அந்தி மசங்குகிற நேரத்தில் பச்சைக்குழந்தையைக் கூடத்தில் பாய் போட்டுக் கிடத்தியிருந்தோம். சின்னவள் வாசலில் இருந்து ஓடி வந்தாள். வந்த வேகத்தில் அவள் கால் பாயின் மேல் உயர்ந்தது. அந்தக் காலுக்கு நேர் கீழே குழந்தையின் வயிறு. மதினி பாய்ந்து அவளை இடுப்போடு பிடித்துத் தூக்கினார்.

"ஆத்தி! ஏன்டி, கண்ண எங்கடி வச்சிருக்க?"

சின்னவள் அழவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டித் துழாவிக்கொண்டு, "பாப்பா எங்க இருக்கு அத்தை?" என்று கேட்டாள்.

குழந்தை அவள் காலடியில், ஒரு முழத் தூரத்தில் கிடந்தது.

மதினி அவள் முகத்துக்கு நேரே விரலை ஆட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாலைக்கண்ணு" என்றார். அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்று ராத்திரியே பேச்சு முடிந்துபோனது. "இவள நான் ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் மதினி. "அங்க மிதிக்கிறதுக்குப் பச்சப்புள்ள கெடையாது. ஈரல் சுட்டுக் குடுப்பேன், தெளிஞ்சா தெளியட்டும். ஒங்களுக்கு ஒண்ணப் பாக்கவே ஆளில்ல, மூணுக்கு எங்க போவீக?"

அதில் தப்பு ஒன்றும் இல்லை, அதுதான் கஷ்டம். ஆனால் ஆனியில் சின்னவளை ஒண்ணாம் வகுப்பில் சேர்க்க அக்கா ஆசைப்பட்டிருந்தாள். தனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது என்பதில் அவளுக்குத் தீராத குறை. மதினியின் ஊரில் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற வழக்கம் இல்லை. கண் தெளிந்தாலும் அங்கே ஆடு மேய்க்கவும் பிள்ளை தூக்கவும் வேலை இருந்துகொண்டே இருக்கும். படுக்கையிலிருந்து அக்கா என் கையைப் பிடித்து, "போனா வரமாட்டாடா" என்று மட்டும் சொன்னாள்.

நான் துள்ளி எழுந்து, கெடு கேட்டேன். மதினி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சரி, கொழுந்தனாரே. சித்திரையில அழகர் பாக்க வருவேன். அப்பவும் புள்ள இப்புடித் தடவிக்கிட்டு நடந்தா, வண்டியில ஏத்திருவேன். அப்பறம் யாரும் பேசப்படாது."

மறுநாள் லேடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். கீரை, மஞ்சள் பூசணி, பப்பாளி, மாம்பழம், முடிந்தால் ஈரல், மீன் எண்ணெய் என்று சொல்லி, ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுத்தார். அதை நான் நடந்துகொண்டே படித்து முடித்துவிட்டேன். வீட்டுக்கு வரும்போது உலகத்தில் எனக்குத் தெரியாத ஆகாரமே இல்லை என்ற எண்ணம். சின்னவள் மீன் எண்ணெயை என் சட்டையில் வாந்தி எடுத்தாள். ஈரலைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள். மிச்சம் இருந்தது கீரை. கீரையின் கதையை அம்மி இடுக்கில் பார்த்தோம்.

அன்று சாயங்காலமே இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சிலேட்டை எடுத்தேன்.

"நாளையிலேருந்து இந்த வீட்டுல என்ன சமையல்னு நீங்க ரெண்டு பேருந்தான் சொல்லணும். நான் அடுப்புக்காரன், அம்புட்டுத்தான்."

பெரியவன் சந்தேகத்தோடு பார்த்தான். "நாங்க என்ன சொன்னாலும் செய்வீகளா?"

"செய்வேன். ஆனா ஒரு பச்சை இருக்கணும், ஒரு மஞ்சள் இருக்கணும், ஒரு பருப்போ பயறோ இருக்கணும். சமைக்கும்போது நீங்களும் கூட இருக்கணும். சிலேட்டுல எழுதினத யாரும் அழிக்கப்படாது."

"நீங்களுமா?"

"நானும்."

இந்தக் கடைசி வாக்குறுதியைப் பின்னால் நினைத்து வியர்த்தேன். அப்போது பெரிய தாராளம் போலத் தோன்றியது.

முதல் நாள் சின்னவள் சொன்ன சமையல்: மாம்பழம், மாம்பழம், மாம்பழம். "மாங்கா காலமே இன்னும் வரலியே" என்றேன். "அப்ப வர்ற வரைக்கும் காத்திருப்போம்" என்றாள். பெரியவன் அப்பளம் என்றான். அப்பளம் மஞ்சளாகத்தானே இருக்கிறது என்று வக்கீல் மாதிரி வாதாடினான். அரை மணி நேரச் சண்டைக்குப் பிறகு முருங்கைக்கீரை, பூசணிக் கூட்டு, தட்டைப்பயறு என்று முடிவானது. அவன் எழுத்தில் எழுதினான். அவளுக்கு எழுத்துத் தெரியாது. புள்ளி புள்ளியாக வைத்தால் முருங்கை, பெரிய வட்டம் பூசணி, சின்னச் சின்ன வட்டம் பயறு. மறுநாள் அவள் அண்ணனுடைய எழுத்தைக் காட்டி, "இதுதான் பூசணியா? நான் போட்டது மாதிரியே இல்லையே" என்று கேட்டாள். அந்த வாரத்துக்குள் 'பூ' அவளுக்கு வந்துவிட்டது. அதற்காக நான் ஒரு முயற்சியும் செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெருமைப்படுவதை யாரால் நிறுத்த முடியும்?

அரிவாள்மணையும் அடுப்பும் என் பொறுப்பு. ஆய்வது, அலசுவது, பயறு உரிப்பது, மத்தால் மசிப்பது எல்லாம் அவர்களுடையது. கீரை ஆய்வதில் பெரியவன் அவசரக்காரன். காம்போடு உருவிப் போடுவான். சின்னவள் ஒவ்வொரு இலையாக எடுத்து, திருப்பிப் பார்த்து, பூச்சி அரித்ததைத் தள்ளி வைப்பாள். ஒரு பிடிக் கீரைக்கு ஒரு மணி நேரம். எனக்குக் கால் துடிக்கும். எதையும் சட்டென்று முடித்துவிட்டு அடுத்ததுக்கு ஓடுகிறவன் நான். அந்த ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் இரண்டு மாதத்தில் நான் செய்த கஷ்டமான வேலை.

ரேஷன் அரிசி வெள்ளை வெளேர் என்று இருக்கும், அதிலும் அளவு. மிச்சத்துக்குக் கம்பும் கேழ்வரகும்தான். கம்பங்கூழ் காய்ச்சிய நாளன்று இரண்டு பேரும் தனித்தனியாக, ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் உப்புப் போட்டிருந்தார்கள். நானும் போட்டிருந்தேன். ஆபீஸிலிருந்து பசியோடு வந்த மச்சான் ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே சற்று நேரம் கூரையைப் பார்த்தார்.

"மாப்ள, வைகையில தண்ணி இல்லேன்னு யார் சொன்னது? கடலே நம்ம வீட்டுக்குள்ள வந்திருச்சே!"

"நாங்கதாம்ப்பா செஞ்சோம்" என்றாள் சின்னவள், மார்பை நிமிர்த்தி.

மச்சான் அவளைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். கடகடவென்று குடித்து முடித்தார். மறுநாளிலிருந்து, வேலை அதிகம் என்று சொல்லி ஒரு வாரம் ஓட்டலில் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மார்க்கெட். சின்னவள் பூசணிக்காரரிடம் போய் நின்று, ஒவ்வொரு காயாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்பாள். எதற்கு என்று அவளுக்கும் தெரியாது. யாரோ தேங்காயைத் தட்டுவதைப் பார்த்திருக்கிறாள். "என்ன சொல்லுது?" என்று அவர் கேட்டால், "இது தூங்குது, வேற குடுங்க" என்பாள். நறுக்கின கீற்றின் உள்பக்கம் நல்ல மஞ்சளாக இருந்தால்தான் வாங்குவாள். வெளிறி இருந்தால், "இது கண்ணுக்கு ஆகாது" என்று தள்ளிவிடுவாள். சுற்றி நிற்கிறவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் எங்கேயோ பார்ப்பது போல் நின்றுகொண்டு உள்ளுக்குள் பூரித்துப்போவேன்.

சாப்பிட்டாள். அதில் சந்தேகம் இல்லை. தான் ஆய்ந்த கீரையை, தான் வாங்கிய பூசணியை, அண்ணன் தட்டில் எட்டிப் பார்த்து "எனக்கு ஏன் கம்மி?" என்று சண்டை போட்டுச் சாப்பிட்டாள். அம்மி இடுக்கை நான் தினமும் சோதித்தேன்; சுத்தம். ஆனால் கண்?

அதுதான் தெரியவில்லை. சாயங்காலம் கையில் சில பொத்தான்களை வைத்துக்கொண்டு "எத்தனை?" என்று கேட்டுப் பார்த்தேன். பத்து நாள் கழித்து அவளுக்கு அலுத்துப்போய், பார்க்காமலே "மூணு" என்று சொல்ல ஆரம்பித்தாள். நான் மூன்று வைத்திருந்தால் சரி. பங்குனிக் கடைசியில் அவள் இருட்டில் கொஞ்சம் தைரியமாக நடப்பது போலத்தான் இருந்தது. ஆனால் வீடு அவளுக்கு மனப்பாடம். எந்த இடத்தில் நிலைப்படி, எந்த இடத்தில் தூண், எத்தனை எட்டில் தண்ணீர்ப்பானை என்று காலுக்கே தெரியும். நான் நினைக்கிறது நிஜமா, ஆசையா? அக்காவிடம் கேட்டால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

சித்திரை வந்துவிட்டது.

அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள் மதினி வருவதாகத் தகவல். ஊரெல்லாம் வண்டியும் ஜனமுமாக நெரிந்தது. மதினி வழி தெரியாமல் நிற்கக் கூடாது என்று சாயங்காலம் நான் அவரைக் கூட்டிவரப் புறப்பட்டேன். அன்றைய சிலேட்டு ரகசியம். "மாமா பாக்கப்படாது, அத்தைக்கு விருந்து" என்று பெரியவன் அதைப் பாவாடைத் துணியால் மூடியிருந்தான். "அடுப்பு?" என்று கேட்டேன். உள்ளேயிருந்து அக்கா, "நான் இருக்கேன், போடா" என்றாள். மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் அவள் எழுந்து அடுப்படிக்கு வந்தாள். பிள்ளைகள் கூப்பிட்டார்களாம்.

வண்டியில் மதினி, வைக்கோல், ஒரு மூட்டை, சின்னவள் உட்காரத் தோதாக ஒரு மடித்த ஜமுக்காளம்.

"என்ன கொழுந்தனாரே, சட்டையில கரி? அடுப்புல விழுந்து எந்திரிச்சீகளா?"

"வாங்க மதினி" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு முன்னால் நடந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கிவிட்டது. வானத்தில் வெளிச்சம் இருந்தது, வீட்டுக்குள் இல்லை. கூடத்தில் இலை போட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். மதினி கைகால் கழுவி வந்து உட்கார்ந்தார். பெரியவன் உப்பும் ஊறுகாயும் வைத்தான். சோறு வந்தது. பிறகு சின்னவள் இரண்டு கையிலும் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு வந்து, அகப்பையால் இலையில் எடுத்து வைத்தாள்.

முருங்கைக்கீரை.

என் தலையில் யாரோ குட்டியது போல இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் கீரை! மதுரைப் பக்கம் எந்த வீட்டில் நடக்கும் இது? பொழுது சாய்ந்தால் கீரையைத் தொட மாட்டார்கள். அதுவும் வந்த விருந்தாளிக்கு, முதல் இலையில். இரண்டு மாதமாகப் பச்சை, மஞ்சள், பருப்பு என்று ஓதினேனே, இந்த ஒன்றைச் சொல்லத் தோன்றவில்லையே! மத்தியானம் மட்டுமே கீரை சமைத்ததால் சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. துண்டுப் பிரசுரத்திலும் அது இல்லை.

மதினியின் கை இலைக்கு மேலே நின்றது.

"யாத்தே, ராத்திரியில கீரையா? யார் சொல்லிக் குடுத்தது இது?"

அடுப்படி வாசலில் நின்ற அக்கா, மன்னிப்புக் கேட்கிறவள் போலச் சொன்னாள்: "நான் சொல்லிப் பாத்தேன் மதினி. சிலேட்டுல எழுதியாச்சு, அழிக்கப்படாதுங்குதுக. மாமா சட்டமாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சின்னவளுக்கு எதுவும் விளங்கவில்லை. "அத்தை, சாயங்காலந்தான கண்ணு தெரியாமப் போகுது?" என்றாள். "அப்ப சாயங்காலந்தான மருந்து திங்கணும்? காச்சல் வந்தப்பதான காச்சலுக்குக் கசாயம் குடிக்கிறோம்? அதான் நானும் அண்ணனும் யோசிச்சு எழுதினோம். இம்புட்டு நாளா மாமாவுக்குத்தான் இது தெரியல."

மதினிக்குத்தான் இக்கட்டு. கீரையைத் தள்ளினால் பிள்ளை முகம் வாடும். தின்றால் வழக்கம் போகும். நான் வெட்கத்தில் விளக்கு மாடத்துப் பக்கம் நகர்ந்து, எதையாவது செய்ய வேண்டுமே என்று தீப்பெட்டியை எடுத்தேன்.

"அய்யய்யோ, ஏத்தாதீக!" என்று மதினி கத்தினார். நான் தீக்குச்சியோடு அப்படியே நின்றேன். "விளக்கு வச்சாத்தான் ராத்திரி. வைக்கலேல்ல? வைக்கிற வரைக்கும் பகல் கணக்குத்தான். நான் தின்னு முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் விளக்குப் பக்கம் போகப்படாது. ஏய் சின்னவளே, போடுடி இன்னும் ஒரு அகப்பை!"

சாஸ்திரம் இப்படியும் வளையும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மதினி வேகவேகமாகச் சாப்பிட்டார். ஆனால் பொழுது அவரைவிட வேகமாக ஓடியது. முற்றத்தில் இருந்து வந்த வெளிச்சம் குறைந்து, கூடம் சாம்பல் நிறமாகி, தூண்கள் கரைந்துபோயின. சின்னவள் அடுப்படிக்கும் இலைக்கும் போய்வந்துகொண்டிருந்தாள். பூசணிக் கூட்டு. ரசம். மோர். வீடு அவளுக்கு மனப்பாடம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்; ஆசைப்படப் பயமாக இருந்தது.

மோர்ச் சோற்றைப் பிசைந்துவிட்டு மதினி ஊறுகாய்க்குக் கையை நீட்டினார். இலையின் இடது மேல் மூலையில் துழாவினார். ஊறுகாய் இருக்க வேண்டிய இடம் அதுதான். அங்கே இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளித் துழாவினார். தரைதான் அகப்பட்டது.

"ஏன்டா, ஊறுகா வச்சியா வைக்கலியா? ஒண்ணுந் தெரியலையே எனக்கு."

"வச்சேன் அத்தை" என்றான் பெரியவன். வைத்தான்தான்; ஆனால் எதிரில் உட்கார்ந்து வைத்ததால் அவன் பக்கத்திலிருந்து பார்த்து இடது மேல் மூலையில் வைத்திருந்தான். அது அவனுக்கே இன்னும் தெரியாது.

அடுப்படி நிலைப்படியில், பத்தடி தூரத்தில், கையில் மோர்ச்செம்போடு நின்றிருந்தாள் சின்னவள்.

"அங்க இல்ல அத்தை. அண்ணன் தப்பா வச்சிருக்கான். கீழ, ஒங்க சோத்தாங்கைப் பக்கம். பாருங்க, ரெண்டு துண்டு. ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது."

மதினியின் கை மெல்ல இறங்கி வலது பக்கம் வந்தது. எடுத்தார். ஒரு துண்டு. இன்னொரு துண்டு. கையை முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து உற்றுப் பார்த்தார்.

அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கே தெரியலையேடி" என்றார் மதினி. குரல், மாசியில் தாழ்ந்த மாதிரியே தாழ்ந்திருந்தது. "ஒனக்குத் தெரியுதாடி?"

"தெரியுதே. ஒங்க மூக்குல கீரை ஒட்டியிருக்கு, அதுவும் தெரியுது."

மதினி சிரித்த சிரிப்பு சந்து முனை வரைக்கும் கேட்டிருக்கும். சிரித்து முடித்து, இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விளக்க ஏத்துங்க கொழுந்தனாரே, ராத்திரி வந்துட்டுப் போகட்டும்" என்றார். அவசர அவசரமாக உரசினேன். மூன்று குச்சி வீணானது. தீப்பெட்டி கிடைக்காத காலத்தில் மூன்று குச்சி!

விளக்கு வெளிச்சத்தில் மதினி மூட்டையை அவிழ்த்தார். சின்னவள் ஊருக்கு உடுத்திக்கொண்டு வர ஒரு புதுப் பாவாடை தைத்துக் கொண்டுவந்திருந்தார். அதை அவள் மடியில் போட்டு, "பள்ளிக்கூடத்துக்குக் கட்டிட்டுப் போ" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "பரவாயில்ல, ஆம்பளைக்கு இம்புட்டு வந்ததே பெருசு. கீரையில உப்புத்தான் கொஞ்சம் தூக்கல்" என்றார்.

"நான் சமைக்கல மதினி" என்றேன். என் வாழ்நாளில் நான் இவ்வளவு பெருமையோடு சொன்ன வார்த்தை வேறு இல்லை.

மறுநாள் அழகரைப் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பும்போது, பொழுது சாய்ந்த நேரத்தில், கூட்டத்தில் சின்னவள் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். "பள்ளம் அத்தை, பாத்து வாங்க" என்று அவள் வழி சொல்லிக்கொண்டு போனதை நான் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே வந்தேன். வண்டி ஜமுக்காளத்தோடு காலியாகத் திருவாதவூருக்குத் திரும்பியது.

லேடி டாக்டரிடம் மறுபடியும் கூட்டிப்போனேன். தேறிவிட்டாள், ஆனால் விட்டுவிடக் கூடாது என்றார். அக்கா இப்போது நடமாடுகிறாள். அடுப்பை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். சிலேட்டைப் பிடுங்க அவளால் முடியவில்லை. போன வாரம் சிலேட்டில் சின்னவள் கையெழுத்திலேயே ஒரு வரி: 'அபபா கீர ஆயனும.' புள்ளி வைக்க இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. மச்சான் ஓட்டலுக்குக் கிளம்பிய காலோடு திரும்பி வந்து, முணுமுணுத்துக்கொண்டே கீரை பரப்பிய சுளகின் முன்னால் உட்கார்ந்தார். தான் ஆய்ந்த கீரை என்பதால் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மி இடுக்கை அன்றைக்கும் சோதித்தேன். சுத்தம்.

எனக்கும் உத்தரவு வந்துவிட்டது. வண்டியூர்ப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். திறக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு வகுப்பறை, ஒரு வேப்பமரம், பின்னால் வேலியோரமாக நல்ல கரிசல் நிலம் சும்மா கிடக்கிறது. மத்தியானம் பிள்ளைகள் பாதிப்பேர் வெறும் நீராகாரம் குடித்துவிட்டு வருவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். வேலியோரத்தில் முருங்கை வைக்கலாமா என்று தலைமை ஆசிரியரைக் கேட்டேன். "வச்சு?" என்றார். "பிள்ளைகளே ஆய்ந்து, பிள்ளைகளே சமைக்கட்டும்" என்றேன். அவர் என்னை மதினி பார்த்த மாதிரியே மேலும் கீழும் பார்த்தார். முடியாது என்று சொல்லவில்லை.

மதினியின் தோட்டத்திலிருந்து, ஊன்றுவதற்கு வெட்டிய பதினைந்து முருங்கைப் போத்து வந்து, ஈரச் சாக்கில் சுற்றிக் கொல்லைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. சின்னவள் தன் பழைய சிலேட்டை எனக்குக் கொடுத்திருக்கிறாள். முதல் நாள் காலையில் போத்து ஊன்றுவோம். தழைக்கிற வரைக்கும் ஆளுக்கு ஒரு பிடிக் கீரை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்வேன். முப்பது பிள்ளைகள் ஒரே சட்டியில் உப்புப் போடாமல் எப்படித் தடுப்பது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. பொழுது சாய்ந்தபின் கீரை கிடையாது என்பதை மட்டும் முதல் மணியிலேயே கரும்பலகையில் எழுதிவிடுவேன்.